அதிகாரி பார்க்கிற பக்கம் யாருக்காக?

பட்டா மாறுதல்னு பேச்சை எடுத்தாலே நம்ம திருமங்கலம் பக்கம் ரெண்டு பதில்தான் வரும். "காசு குடுத்தா நடக்கும்"ங்கிறது ஒண்ணு. "எல்லாம் ஆன்லைன் ஆயிருச்சே, இன்னும் என்ன?"ங்கிறது இன்னொண்ணு. ரெண்டையும் நான் ஒத்துக்கிறதா இல்ல. நாம போடுற மனு, அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற வி.ஏ.ஓ.வுக்கும் சர்வேயருக்கும் தாசில்தாருக்கும் திரையில எப்படித் தெரியுதுன்னு யாராவது கேட்டிருக்கோமா?

எங்க சித்தப்பா கூட்டுப் பட்டாவுல இருந்து தன் பங்கை உட்பிரிவு பண்ணித் தரச் சொல்லி மனு போட்டார். ஒரே ஒரு வரியில தள்ளுபடி: ஆவணங்கள் சரியில்லை. எந்த ஆவணம், என்ன சரியில்லை? எதுவும் இல்ல. விசாரிக்கப் போன அலுவலகம் எதுன்னு இங்க வேண்டாம். அங்க இருந்த அம்மா நல்லவங்கதான். ரெண்டு கிராமம் பார்க்குறாங்க, அதுல ஒண்ணு கூடுதல் பொறுப்பு. ஒரு மனுவைப் புரிஞ்சுக்க பத்திரத்தைத் திறக்கிறாங்க, மூடுறாங்க, வாரிசுச் சான்றைத் திறக்கிறாங்க, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து சர்வே எண்ணைத் தாள்ல குறிச்சுக்கிறாங்க. பத்திரத்துல ஏக்கர், சென்ட். பட்டாவுல ஹெக்டேர், ஏர்ஸ். 1 ஏக்கர்னா 40.47 ஏர்ஸ். அந்தக் கணக்கைச் செல்போன்ல போட்டுப் பார்க்குறாங்க! கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்துக்கிட்டு.

இதுக்கு மேல யூ.டி.ஆர். தலைவலி வேற. 1980கள்ல நடந்த அந்த வேலைக்கு முந்தின மூலப் பத்திரத்துல ஒரு எண் இருக்கும், இன்னைக்குப் பட்டாவுல வேற எண் இருக்கும். பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்துல பக்கத்துல காட்டினா அரை நிமிஷ வேலை. காட்டலைன்னா சந்தேகம் வரும், சந்தேகம் வந்தா தள்ளுபடிதான் அவங்களுக்குப் பத்திரம்.

1980 வரைக்கும் கர்ணம் இருந்தார். எவன் நிலம் எவன்கிட்ட இருந்து வந்துச்சுன்னு தலையிலயே வச்சிருப்பார். அந்த ஞாபகத்தை வச்சு அவர் ஊரை ஆட்டி வச்சதும் உண்மை, அந்தக் காலம் திரும்ப வர வேணாம். ஆனா அவர் எழுதின சிட்டாவைப் பாருங்க. ஒரு ஆளுக்கு எந்தெந்த சர்வே எண்ல எவ்வளவு நிலம், தீர்வை எவ்வளவு, எல்லாம் ஒரே இடத்துல. இன்னைக்கு அதிகாரி மாறிக்கிட்டே இருக்காங்க. அப்போ ஞாபகம் திரையிலதானே இருக்கணும்?

அதனால நான் கேட்கிறது பெரிய விஷயம் இல்ல. மனுவைத் திறந்ததும் மேல ஒரு வாக்கியம்: யாரு, எந்த நிலத்துக்கு, என்ன கேட்கிறார். அதுக்குக் கீழ, இப்ப யார் கையில இருக்கு, கெடு முடிய எத்தனை நாள். உட்பிரிவு இல்லாததுக்கு 15 நாள், உட்பிரிவுக்கு 30 நாள்னு அரசே சொன்ன கெடுதானே? என்ன தாள் குறையுது, ஏன்னு பேரோட. முன்னாடி தள்ளுபடி ஆன மனு இருந்தா அதுவும், அதுக்குச் சொன்ன காரணமும் தேதி வரிசையில. பரப்பு ரெண்டு அளவுலயும். தள்ளுபடி பண்ணணும்னா எந்த ஆவணம், என்ன குறைன்னு எழுதாம பட்டனே வேலை செய்யக் கூடாது.

இன்னொண்ணு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அரசு வேலையில 4 சதவீதம் அவங்களுக்கு. பார்வை குறைஞ்ச ஒருத்தர் அந்த நாற்காலியில உட்கார்ந்தா பொடி எழுத்தையும், சிவப்பு பச்சைப் பொட்டையும் வச்சு என்ன பண்ணுவார்? பிரிட்டன் உள்துறை 2016லயே இதுக்கெல்லாம் சுவரொட்டி அடிச்சுச்சு: எழுத்து தெளிவா இருக்கணும், நிறத்தை மட்டும் வச்சு அர்த்தம் சொல்லாதே. ராக்கெட் விடுற நாட்டுக்கு இது முடியாதா?

"திரையை மாத்தினா லஞ்சம் போயிருமா அண்ணே?"ன்னு கேட்பீங்க. முழுசாப் போகாது. ஆனா புரோக்கர் எதை விக்கிறான்னு யோசிங்க. "உங்க மனு எங்க நிக்குது, என்ன குறையுது"ங்கிற சேதியைத்தான். அது அதிகாரிக்கே ஒரு பார்வையில தெரியாதப்ப, தெரிஞ்சவன் விலை சொல்லுவான். பேர் மாறாத பட்டாவை வச்சுக்கிட்டு சொசைட்டியில பயிர்க்கடனுக்குப் போய் நின்னவனுக்குத் தெரியும் அந்த விலை. பி.எம். கிசான்ல வருஷத்துக்கு வர்ற 6,000 ரூபாயும் அதே பட்டாவைத்தான் கேட்குது.

வர்ற ஜமாபந்தியில இதையே மனுவா எழுதிக் குடுக்கிறேன். கூடவே அந்த முதல் பக்கம் எப்படி இருக்கணும்னு ஒரு தாள்ல கட்டம் போட்டு வரைஞ்சும் இணைக்கிறேன். உங்க மனு எதனால தள்ளுபடி ஆச்சுன்னு, அந்த ஒரு வரியை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்க. அதையும் சேர்த்துக்கலாம்.