ஏழைக்குத் தந்தால் இலவசம், காருக்குத் தந்தால் ஊக்கத்தொகை

கருவூலத்திலிருந்து வெளியேறும் பணத்துக்கு இடப்படும் பெயரே அது யாருக்குப் போகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 2022 ஜூலையில் பிரதமர் தேர்தல்கால இலவசங்களை ‘ரேவடி’ என்று சாடினார். எள்ளும் வெல்லமும் சேர்ந்த அந்த வடநாட்டு மிட்டாயின் பெயர், மின்கார் வாங்கியோர் பெற்ற சலுகையின்மேல் ஒருநாளும் ஒட்டவில்லை. அதற்கு ‘ஊக்கத்தொகை’ என்ற கண்ணியமான சொல் காத்திருந்தது.

வருமானவரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவையே பார்க்கலாம். 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட மின்வாகனக் கடனுக்கான வட்டியில், ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அது இடமளித்தது. 30 விழுக்காடு வரி கட்டுபவருக்கு ரூ.45,000 மிச்சம், 20 விழுக்காடு கட்டுபவருக்கு ரூ.30,000, வரி வரம்புக்குள்ளேயே வராத மின்ரிக்‌ஷா ஓட்டுநருக்கு ஒன்றுமில்லை. தேவை குறையக் குறைய உதவி கூடும் விந்தையான ஏற்பாடு இது.

தில்லி அரசின் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை முதல் 1,000 மின்கார்களுக்குத் தலா ரூ.1.5 லட்சம் வரை அறிவித்தது, மின்ரிக்‌ஷாவுக்கு ரூ.30,000. முதல் 30,000 மின்னேற்றிகளுக்குத் தலா ரூ.6,000 வரை மானியமும் உண்டு. நல்லதுதான், ஆனால் மின்னேற்றியை எங்கே மாட்டுவது? முனீர்க்காவின் சந்தில் நான்காம் மாடியில் குடியிருப்பவருக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லை. வண்டி நிற்பது தெருவில். மின்மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். ‘வீட்டிலேயே மின்னேற்றம்’ என்னும் தொடரில் வரும் ‘வீடு’, வாகன நிறுத்துமிடத்தோடு கூடிய சொந்த வீடு மட்டுமே.

அநீதி இத்தோடு நிற்கவில்லை. வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பொது நிலையத்தில் மின்னேற்றுவது சேவை என்றும் அதற்கு 18 விழுக்காடு வரி உண்டு என்றும் 2023-இல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் கூறியது. இடமில்லாதவரே வரியும் கட்ட வேண்டும்! கார் வாங்கும்போதும் இதே கதைதான்: 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் காருக்கு 18 விழுக்காடு, ஒரு கோடி ரூபாய் மின்காருக்கு 5 விழுக்காடு.

முதலில் செல்வர் வாங்கினால்தான் பின்னர் விலை இறங்கும் என்பர் சிலர். மின்கல விலை இறங்கியது உண்மையே. விலை இறங்கினால் வாடகைக் குடியிருப்பில் நிறுத்துமிடம் முளைத்துவிடுமா?

2024 அக்டோபரில் தொடங்கிய ரூ.10,900 கோடி மத்தியத் திட்டம் கார்களுக்கான மானியத்தை விட்டுவிட்டு, பொது மின்னேற்ற நிலையங்களுக்கு ரூ.2,000 கோடி ஒதுக்கியது. அந்த அளவில் அது சரியான திசை. இனிச் செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. 5 விழுக்காட்டுச் சலுகைக்கு ஒரு விலை உச்சவரம்பு வேண்டும். பொது மின்னேற்றத்தின் மீதான 18 விழுக்காடு நீங்க வேண்டும். குடியிருப்போர் சங்கமோ வீட்டுக்காரரோ காரணமின்றி மறுக்க முடியாதபடி, மின்னேற்றும் உரிமையை வாடகைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.