தூரத்துக் கடற்கரைக்குப் போகுமுன்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் போதும், "நாலு குடும்பம் சேர்ந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய் வருவோமா?" என்ற பேச்சு வீடுகளில் எழுந்துவிடும். ஆண்கள் கடைத்தெருவில் நின்றே நாளையும் வேனையும் முடிவு செய்துவிடுவார்கள். சோறு கட்டுவதும் பிள்ளைகளைப் பார்ப்பதும் உங்கள் தலையில் விழும். ஆகவே திட்டம் போடும்போதே நீங்களும் உட்காருங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த கரையில் எதெது இல்லாமல் அவதிப்படுவோம் என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். டிசம்பர் விடுமுறை இந்தக் கரைக்கு உகந்ததல்ல. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து கடல் குமுறும் காலம் அது. ஓகஸ்டில் சோளகக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை அடங்கியிருக்கும். மேற்குக் கரை மீனவர்கள் கொக்கிளாய், நாயாறு பக்கம் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதும் இந்தப் பருவத்தில்தான். ஆனால் அதே காற்றுதான், பிள்ளைகள் பிடித்து மிதக்கும் ரப்பர் டியூபை ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். டியூபை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் மாங்குளம் சென்று, கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போனால் முல்லைத்தீவு சுமார் 90 கிலோமீற்றர். சுபஹ் தொழுதவுடன் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சேரலாம். குடிநீரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மலசலகூடத் தேவையை நகரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். மாவட்ட வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது என்பதை வேன் சாரதிக்கும் சொல்லி வையுங்கள்.

மூவர் பயணம் போனாலும் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். நாலு குடும்பம் போகும்போது அது எவ்வளவு அவசியம்! செலவுக் கணக்கும் திரும்பும் நேரமும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். அவரைத் தவிர, தண்ணீரில் நிற்கும் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை முறைவைத்து நியமியுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை கூடாது. லுஹர் நேரம் வந்தால் எல்லோரும் ஒன்றாகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம். இரண்டு கூட்டமாகப் பிரிந்து தொழுங்கள். ஒரு கூட்டம் தொழும்போது மற்றக் கூட்டம் பிள்ளைகளைப் பார்க்கட்டும். கஸ்ர், ஜம்உ பற்றிய சட்டங்களை ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியை நல்ல இடம் என்று நம்பிவிடாதீர்கள். கரைக்கு வந்த நீர் திரும்பிப் பாயும் வழி பெரும்பாலும் அதுதான். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு விலகிய பின்பே திரும்ப வேண்டும். களப்புகள் கடலோடு சேரும் முகத்துவாரங்களில் இறங்கவே வேண்டாம். எந்த இடம் நல்லது என்று அங்குள்ள மீனவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஒதுக்குப்புறமான கரை என்றால் சொந்தக்காரர் இல்லாத கரை என்று பொருளல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி இந்தக் கரையைத் துடைத்தெடுத்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது எத்தனையோ குடும்பங்கள் தம் உறவுகளை இந்த மண்ணில் இழந்தன. அங்கே ஒலிபெருக்கி வைத்து ஆடிப்பாடுவது நமக்கு அழகல்ல. கரைவலையை மிதிக்காதீர்கள். குப்பையை வேனிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில், விறகு பொறுக்கக்கூடப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

இன்னொன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் முல்லைத்தீவு மாவட்டத்தாரும் இருந்தார்கள். உங்கள் வீட்டு உம்மும்மா அவர்களில் ஒருவரென்றால், வேனில் முதல் இருக்கை அவருக்கே. போகும் வழியில் தண்ணீரூற்றில் சற்று நிறுத்துங்கள். இறங்கி நடக்கட்டும், பேரப்பிள்ளைகளிடம் தன் ஊரைக் காட்டட்டும். கடல் ஒரு மணி நேரம் பிந்தினால் குறையில்லை.