தங்கை என்னும் அடைமொழி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கு ரவிவர்மா அயலார் அல்லர். 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்தின் லட்சுமியும் சரசுவதியும் தென்னாட்டுக் கல்லாப்பெட்டிகளுக்கு மேலே மாலையேற்று வீற்றிருந்த காலம் நெடியது. கிளிமானூரில் அவரோடு பிறந்து தூரிகை பிடித்த மங்களாபாயை அக்கடைத்தெரு அறியாது. ஓவிய வரலாறு அறிந்தவர்களும் 'ரவிவர்மாவின் தங்கை' என்ற அளவிலேயே அறிவர்.

தம்பி ராஜராஜ வர்மாவும் அண்ணனின் நிழலில் நின்றவர்தாம். ஆயினும் அவர் எழுதிய நாட்குறிப்பு பதிப்பிக்கப்பட்டது. அதனால் அவரது கைவண்ணத்தைத் தனித்துப் பேச ஆய்வாளருக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. தங்கையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. திறமைக் குறைவை விட ஆவணக் குறைவே இங்கு தீர்ப்பு எழுதுகிறது.

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மகளிர் ஓவியக் கண்காட்சிகள் நடக்கின்றன. குத்துவிளக்கு, பொன்னாடை, ஒரு வாரம். பிறகு படங்கள் வீடு திரும்புகின்றன. பெண்களுக்கெனத் தனிக் கண்காட்சியே கூடாது என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதம் பாதியளவே சரி. 1976இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் லிண்டா நாக்லினும் ஆன் சதர்லேண்ட் ஹாரிஸும் அமைத்த கண்காட்சி, 1550 முதல் 1950 வரையிலான பெண் ஓவியர்களை மட்டுமே கொண்டிருந்தது. அதன் விவரப்பட்டியல் நூலை ஆய்வாளர் இன்றும் புரட்டுகின்றனர். தனிக் கண்காட்சி குற்றமன்று. தடயம் விடாமல் கலைவதே குற்றம்.

கோட்டோவியங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தாள் வெளிச்சம் தாங்காது. 50 லக்ஸ் அளவுக்குள், அதுவும் சில மாதங்களே அதைக் காட்சிக்கு வைப்பது அருங்காட்சியக மரபு. எஞ்சிய காலமெல்லாம் அது இழுப்பறையில் உறங்கும். பொன்னானிக்கு அருகில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்று, 1969இல் முப்பது வயது நிறையுமுன் பிரசவத்தில் மறைந்த டி.கே. பத்மினியை எண்ணிப் பார்க்கலாம். கோட்டை உயிராகக் கொண்டது அச்சென்னைப் பள்ளி. பத்மினியின் வண்ண ஓவியங்களை மட்டும் மாட்டிவிட்டு, அவர் கை பழகிய தாள்களைக் காட்டாமல் விட்டால், அவர் அடைந்த இடம் தெரியும். நடந்த வழி தெரியாது.

அருங்காட்சியக வளாகத்தில் ஸ்ரீசித்ரா கலைக்கூடம் 1935 முதல் இருக்கிறது. 2023இல் ரவிவர்மாவுக்கெனத் தனிக்கூடமும் எழுந்தது. கவின்கலைக் கல்லூரியும் தொலைவில் இல்லை. நகரின் பொதுத் தொகுப்புகளில் பெண்கள் வரைந்தவை எவை, எந்த ஆண்டின, எவ்வழி வந்தன, பின்புறத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று பதிவதற்கு முதுகலை மாணவர் சிலரும் ஒரு கல்வியாண்டும் போதும். மங்களாபாயிலிருந்தே அப்பட்டியல் தொடங்கலாம். அவர் பெயரைப் பதியும் இடத்தில் உறவுமுறைக்கெனத் தனிக் கட்டம் தேவையில்லை.