நடுநிலையும் பழவேற்காடும்

நுழையும்முன்

போரில் சேர்வதில்லை என்று அறிவித்துவிட்டால் மட்டும் ஒரு நாடு போருக்கு வெளியே நின்றுவிட முடியுமா? அமெரிக்க விடுதலைப் போரின்போது நடுநிலை வகித்த டச்சுக் குடியரசு, சில ஆண்டுகளிலேயே படிப்படியாக அப்போருக்குள் இழுக்கப்பட்டது. அதன் விளைவு, மீஞ்சூரை அடுத்த பழவேற்காட்டுக் கரைவரை வந்து சேர்ந்தது. அவ்வரலாற்றின் வழியாக, நடுநிலை எவற்றால் நிலைபெறும் என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஏரிக்கரையில் ஒரு கோட்டை

திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூர் ஒன்றியத்தில் உள்ள பழவேற்காடு, இன்று மீனவர் ஊர்கள் சூழ்ந்த ஏரிக்கரை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. 17ஆம் நூற்றாண்டில் இவ்வூர், சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாக விளங்கியது. 1613இல் இங்குக் கெல்டிரியா கோட்டை எழுந்தது. தமிழக நெசவாளர் நெய்த பருத்தித் துணிகள் இத்துறையில் கப்பலேறித் தென்கிழக்காசியத் தீவுகளை அடைந்தன. அங்கு அவற்றைக் கொடுத்து நறுமணப் பொருள்களைப் பெற்றனர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. எனினும், பழவேற்காட்டில் டச்சுக்கொடி தொடர்ந்து பறந்தது.

1781இல் ஆங்கிலேயர் இக்கோட்டையைக் கைப்பற்றினர். ஆனால், அப்போருக்கான காரணம் பழவேற்காட்டில் தோன்றியதன்று. அது அட்லாண்டிக் பெருங்கடலின் இருகரைகளிலும் விளைந்தது.

படிப்படியாக நழுவிய நடுநிலை

1775இல் வட அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்தின. இங்கிலாந்தோடு பழைய நட்புடன்படிக்கை கொண்டிருந்த டச்சுக் குடியரசிடம் ஆங்கில அரசு படையுதவி கேட்டது. உதவி கிட்டவில்லை, டச்சு நாடு நடுநிலை வகித்தது. இம்முடிவில் பிழையில்லை. பிழை, அதற்குப்பின் தொடங்கியது.

கரீபியன் கடலிலுள்ள சின்ட் யூஸ்டேசியஸ் என்னும் சிறுதீவு டச்சுக்காரருக்கு உரியது. அங்கிருந்து வெடிமருந்தும் துப்பாக்கிகளும் அமெரிக்கருக்குச் சென்றன. வணிகர் பெரும்பொருள் ஈட்டினர். 1776 நவம்பர் 16 அன்று, அமெரிக்கக் கொடியுடன் வந்த கப்பலின் வணக்க முழக்கத்துக்கு அத்தீவின் கோட்டைப் பீரங்கிகள் மறுமுழக்கம் செய்தன. ஆங்கில அரசு கடுஞ்சினம் கொண்டது.

1778இல் பிரான்சும் 1779இல் ஸ்பெயினும் இங்கிலாந்தை எதிர்த்துப் போரில் இறங்கின. உள்நாட்டுக் கிளர்ச்சி உலகப்போராக விரிந்தது. பிரெஞ்சுக் கடற்படைக்கு வேண்டிய கப்பல் மரங்களை டச்சுக் கப்பல்கள் ஏற்றிச்சென்றன. 1674ஆம் ஆண்டு உடன்படிக்கை அவ்வுரிமையைத் தந்திருந்தது. ஆயினும் ஆங்கிலேயர் அக்கப்பல்களைப் பிடித்தனர். டச்சு அரசு தன் வணிகத்தைச் சுருக்கினால் பிரான்சு சினந்தது. விரித்தால் இங்கிலாந்து சினந்தது.

1779ஆம் ஆண்டின் இறுதி நாளில், போர்க்கப்பல்களின் காவலோடு சென்ற டச்சு வணிகக் கப்பல்களையே ஆங்கிலக் கடற்படை வழிமறித்துக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து பழைய உடன்படிக்கையைக் கைவிட்டது. நடுநிலை நாடுகளின் வணிகத்தைக் காக்க உருசியப் பேரரசி இரண்டாம் கேதரின் அமைத்த அணியில் டச்சுக் குடியரசு சேர முடிவெடுத்தது. அதற்குள், ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் அமெரிக்கருடன் மறைவாக வரைந்திருந்த உடன்படிக்கையின் படி ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அதனைக் காரணம் காட்டி, 1780 டிசம்பர் 20 அன்று இங்கிலாந்து போர் அறிவித்தது.

பிழை யாருடையது?

வலிமை மிக்க நாடு ஒன்று, பிற நாட்டின் உரிமையை மிதித்துவிட்டுத் தனக்கேற்ற நாளில் போர் தொடுத்தது என்பர் சிலர். அது உண்மையே. எனினும், அது முழு உண்மையன்று. டச்சு நாட்டில் வணிக நகரங்கள் கடற்படையைப் பெருக்க விரும்பின. உள்நாட்டு மாநிலங்கள் தரைப்படையைக் கேட்டன. இவ்வழக்கில் கடற்படை நலிந்து கிடந்தது. நாடு ஒன்றைச் சொல்ல, நகரம் ஒன்று வேறொன்றைச் செய்தது. நடுநிலை என்பது கொள்கையாக இல்லாமல், இருபுறமும் விற்றுப் பொருளீட்டும் வாய்ப்பாக மாறியது. ஒவ்வோர் அடியும் தனித்தனியே பார்த்தால் சிறியது. திரும்பிப் பார்த்தபோதோ வழி அடைபட்டிருந்தது.

கேட்கப்படாதவர்கள்

போர்ச் செய்தி கடல்வழியே சென்னை வந்து சேர்ந்தபோது, ஐதர் அலியுடனும் ஆங்கிலேயர் போரிட்டுக்கொண்டிருந்தனர். பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் அவர்கள் வசமாயின. 1781 நவம்பரில் நாகப்பட்டினம் வீழ்ந்தது. 1784 உடன்படிக்கைக்குப் பின் பழவேற்காடு டச்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது, நாகப்பட்டினம் திரும்பவேயில்லை. இழப்பிலிருந்து மீள முடியாத டச்சுக் கம்பெனியும் அந்நூற்றாண்டின் முடிவோடு மறைந்தது.

ஆம்ஸ்டர்டாமில் கூடிப் பேசியவர்கள் இக்கரையின் நெசவாளரையோ படகோட்டியையோ கேட்கவில்லை. கப்பல் வாராத துறையில் தறிக்கும் படகுக்கும் வேலை குறையும் என்பதை எவரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். 1939இலும் இதுவே நிகழ்ந்தது. இந்திய மக்களின் கருத்தைக் கேளாமலேயே, இந்தியா போரில் இறங்கியதாக ஆங்கில வைசிராய் அறிவித்தார். விடுதலை பெற்ற இந்தியா அணிசேராக் கொள்கையை மேற்கொண்டதற்கு இத்தகைய பட்டறிவும் ஒரு காரணம் எனலாம்.

ஏரி கற்பிக்கும் நெறி

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைப் 'பாடு' என்னும் முறைப்படி பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டு. ஒருவர் முறை வரும்வரை மற்றவர் காத்திருப்பார். ஊரார் அனைவரும் ஒத்து நிற்பதால் அம்முறை நிலைக்கிறது. ஒருவர் தம் ஆதாயத்துக்காக மீறினால் அது குலையும். நாடுகளின் நடுநிலைக்கும் இதுவே பொருந்தும்.

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். இரு தரப்பையும் ஒரே கோலால் அளப்பதே நடுநிலை. இரு தரப்பிடமும் ஆதாயம் தேடுவது நடுநிலை ஆகாது. தன்னைக் காத்துக்கொள்ளும் வலிமை, உள்நாட்டு ஒற்றுமை, ஒத்த கருத்துடைய நாடுகளின் துணை, ஆதாயத்தைத் துறக்கும் துணிவு ஆகிய நான்கும் இல்லாத நடுநிலை நீடிக்காது. டச்சுக் குடியரசு துணையை நாடியது. ஆனால், காலம் கடந்து நாடியது.

கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று மேடும் புதரும் காணப்படுகின்றன. அருகிலுள்ள டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை காத்துவருகிறது. அவற்றைக் காணச் செல்லும் மாணவர், கோட்டையைக் கட்டியவர் யார் என்பதோடு நிறுத்தாமல், அதை அவர்கள் இழந்தது எவ்வாறு என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.