கோழிச் செள்ளும் கூண்டின் சுத்தமும்

கோழிக்கு மருந்து கேட்டு என்னிடம் வருவோரில் பெரும்பாலார் கோழியைக் கையிற் பிடித்துக்கொண்டே வருகின்றனர். பல சமயங்களில் பீடை கோழியிடத்தில் இல்லை; அது அடையும் கூண்டில் இருக்கிறது. கிருஷிகர்களும் கிராம அதிகாரிகளும் இதைச் சற்றுக் கவனிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பேன் வேறு, செள்ளு வேறு. பேன் தன் ஆயுள் முழுவதும் கோழியின் உடலிலேயே வசிப்பது; உடலை விட்டகன்றால் சில தினங்களில் மாண்டுபோகும். எருவாயின் அருகே இறகை விலக்கினால், பேன் ஓடுவதும் இறகடியில் ஈர் கொத்தாக ஒட்டியிருப்பதும் பகலிலேயே தென்படும். சிவப்புச் செள்ளோ அவ்விதமன்று. பகலெல்லாம் கூண்டின் பிளவுகளிலும், கோழி அமரும் கழியின் அடியிலும், பஞ்சாரத்தின் பின்னல்களிலும் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து இரத்தங் குடித்துவிட்டு மறைந்துவிடும். உஷ்ணகாலத்தில் முட்டை பொரித்து முழுச் செள்ளாவதற்கு ஒரு வாரமே போதும். இரையின்றியும் பல மாதங்கள் உயிர்வாழ வல்லது. ஆகவே கூண்டைச் சில வாரம் காலியாய்ப் போட்டுவைப்பதால் யாதொரு பயனுமில்லை.

ஒரு கிராமத்தில் பெருநிலக்காரர் ஒருவரது வீட்டில் அடைவைத்த கோழிகள் இரண்டு, அடுத்தடுத்து முட்டையின்மேலேயே இறந்து கிடந்தன. வெள்ளைக்கழிச்சல் என்றார் அவர். கண்ணேறு என்றார் அவரது தாயார். அன்றிரவு விளக்கொடு சென்று கூண்டுக் கழியின் அடிப்புறத்தைக் கையால் துடைத்துக் காட்டினேன். உள்ளங்கை முழுதும் இரத்தக்கறை. அடைக்கோழி முட்டையை விட்டு எளிதில் எழாதாகையால், கூண்டிலுள்ள செள்ளு அனைத்துக்கும் அதுவே இரையாகிவிடுகிறது. “புதுக் கூண்டு வேண்டுமென்று இரண்டு வருஷமாய்க் கேட்கிறேன்” என்று அவ்வீட்டம்மாள் கதவருகில் நின்று சொன்னார். நிலக்காரர் பதில் பேசவில்லை. அவர் மாட்டுக்கொட்டிலுக்கு அவ்வருஷந்தான் புதிய ஓடு வேய்ந்திருந்தார்.

கோழி பெண்டுகளின் காரியம் என்று தள்ளிவிட்டு, அதற்குரிய சிறு செலவையும் மறுப்பது நியாயமன்று. முட்டை விற்ற பணம் வீட்டுச் செலவுக்கு வரும்பொழுது மட்டும் அது பொதுப்பணமாகிவிடுகிறதே!

செய்யவேண்டியது கடினமன்று. பழைய வைக்கோலையும் இற்றுப்போன பஞ்சாரத்தையும் எரித்துவிடுக. கூண்டின் இண்டு இடுக்குகளில் நன்றாகக் கொதிக்கும் நீரை ஊற்றி, காய்ந்தபின் பிளவுகளை மண்ணால் அடைத்துச் சுண்ணாம்பு பூசுக. அது உலருமட்டும் கோழியை உள்ளே விடலாகாது. கழியைப் பட்டை நீக்கி வழவழப்பாக்கி, சுவரைத் தொடாதபடி கால்களின்மேல் நிறுத்தி, அக்கால்களை எண்ணெய்க் கிண்ணங்களில் வைக்கவும். தப்பிய முட்டைகள் பொரிக்குமாதலால், ஏழாம் நாள் வெந்நீரும் சுண்ணாம்பும் மறுமுறை அவசியம். பேனுக்குக் கால்நடை மருத்துவர் கொடுக்கும் பொடியையும் பத்து நாள் கழித்து மீண்டும் இடவேண்டும். சாம்பலும் மணலும் கலந்த குழியில் கோழி புரள விடுவதும் நன்று. மண்ணெண்ணெயைக் கோழியின்மேல் தடவுவது தோலைப் புண்ணாக்கும்.

வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சமுள்ளதைக் கூண்டில் தெளிக்கும் வழக்கத்தை நான் பலமாய் ஆட்சேபிக்கிறேன். நெற்பயிரின் தண்டுத் துளைப்பானுக்கு நாம் உபயோகிக்கும் பிப்ரோனில் என்னும் மருந்தை, நெதர்லாந்து தேசத்துக் கோழிப்பண்ணைகளில் இதே செள்ளுக்காகத் தெளித்ததால், 2017-ஆம் வருஷத்தில் லட்சக்கணக்கான முட்டைகள் விஷங்கலந்தவையென்று அழிக்கப்பட்டன. நமது முட்டைகளைச் சோதிப்பார் எவருமில்லை. நம் குழந்தைகளே உண்கின்றனர்.

ஒரு வீட்டார் மட்டும் சுத்தஞ் செய்து, அடுத்த வீட்டுக் கோழி வந்து அடைந்தால் பீடை திரும்பிவிடும். கிராம அதிகாரிகள் ஒரு தினத்தைக் குறித்து, தெருவில் எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் வெந்நீர் வைக்கச் செய்வார்களாயின், முதலில் தங்கள் வீட்டுக் கூண்டிலிருந்து தொடங்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.