கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய போர்ஷே 911 வாங்கியவர்கள் பட்டறைக்கு வந்ததும் முதலில் காட்டுவது இன்ஜின் எண்ணை. அடுத்தது கியர்பாக்ஸ் எண், அப்புறம் பெயிண்ட் குறியீடு. மூன்றும் தொழிற்சாலைக் காகிதத்தோடு ஒத்துப்போனால் அவர்களுக்குத் தலைகால் புரியாது. ஷ்டுட்கார்ட் பக்கம் இந்தக் கார்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலையிலேயே காலம் தள்ளும் எனக்கோ, காரை லிஃப்டில் ஏற்றி வலது பக்க அடியைப் பார்க்கும்வரை நம்பிக்கை வருவதில்லை. பார்த்த பிறகு பெரும்பாலும் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சுகிறது.

அங்கே என்ன இருக்கிறது? ஆயில் லைன். இந்தக் காருக்குத் தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. காற்றாலும் ஆயிலாலும்தான் இன்ஜின் சூடு தணிய வேண்டும். ஆயிலும் மற்ற கார்களைப் போல இன்ஜினுக்கு அடியில் தேங்கி நிற்பதில்லை. ட்ரை சம்ப் முறை. ஒரு பம்ப் அடியில் விழும் ஆயிலை உறிஞ்சி, வலது பின் சக்கரத்தை ஒட்டிய தனி டேங்குக்கு அனுப்பும். இன்னொன்று டேங்கிலிருந்து எடுத்து இன்ஜினுக்குள் தள்ளும். 1969 மாடல் முதல் எஸ் வகையில் வலது முன் மட்கார்டுக்குள் கூடுதலாக ஓர் ஆயில் கூலரும் வந்தது. இன்ஜின் பின்னால், கூலர் முன்னால். அதனால் சூடான ஆயில் கதவுக்கு அடியில் காரின் நீளத்துக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். அந்த இரண்டு நீளப் பைப்புகளையும், தெர்மோஸ்டாட்டையும், டேங்கைச் சுற்றியுள்ள தடித்த ஹோஸ்களையும்தான் சொல்கிறேன்.

சமீபத்தில் 1970 மாடல் எஸ் ஒன்று வந்தது. விற்றவர் ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று எழுதியே கொடுத்திருந்தார். அடியில் பார்த்தால் எஃகுக் கம்பி பின்னிய பளபள ஹோஸ். முனைகளில் சிவப்பும் நீலமுமாக அலுமினிய ஃபிட்டிங். ரேஸ் காருக்குப் போடுகிற சரக்கு. அந்தக் காலத்தில் எந்தத் தெருக் காரும் சுஃபன்ஹௌசன் தொழிற்சாலையிலிருந்து இப்படி வெளியே வந்ததில்லை. கதவுக்கு அடியில் ஓடும் சில்லை ஒட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய கறுப்பு அடிப்பூச்சில் இரண்டு நீளத் தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. பைப் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் பூச்சு மெலிந்து, ஓரங்களில் மேடு கட்டியிருக்கிறது. பிராக்கெட்டுகளும் பழையவைதான், பைப் உரசி உரசி உள்பக்கம் தேய்ந்திருந்தது. ஆக, இந்தக் காரில் தொழிற்சாலைப் பைப் பல வருடம் இருந்திருக்கிறது. எங்கே அது? முன்பு வேலை பார்த்த பட்டறைக்குப் போன் போட்டால், ‘அதுவா, இரும்புக்குப் போட்டாச்சு’ என்கிறார்கள். கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பார்கள். 1970-இல் எஸ் வகை 180 குதிரைத்திறன், டி வகை 125. இன்றைய சந்தையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டி காரை எஸ் என்று ஒப்பனை செய்து விற்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. முன் கூலரைப் பின்னாளில் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். அது இருப்பதே சாட்சியாகிவிடாது. பைப் எங்கே வளைகிறது, பிராக்கெட் எந்தப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது, அடிப்பூச்சின் தடமும் பைப்பும் பொருந்துகின்றனவா என்பதெல்லாம்தான் பேசும். அந்தச் சாட்சியைத்தான் பழைய இரும்பு வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுக்கிறார்கள்.

பாகத்தில் எண் இருந்தால் பாதி வேலை மிச்சம். கார் முதலில் 901 என்ற பெயரில்தான் வந்தது. பெஜோ கம்பெனி ஆட்சேபித்ததால் 911 ஆயிற்று. அதனால் அந்தக் காலத்துப் பாகங்களில் 901, 911 என்று தொடங்கும் எண்களைத்தான் எதிர்பார்க்க வேண்டும். 930 என்று தொடங்கினால் அது டர்போவுக்கான எண். 1975 மாடலில்தான் அந்தக் கார் விற்பனைக்கு வந்தது. 1970 காரில் 930 எண் போட்ட பைப்பை மாட்டி, ‘போர்ஷே பாகம்தானே, ஒரிஜினல்தானே’ என்று என்னிடமே வாதாடுகிறார்கள். கம்பெனி ஒரிஜினலாக இருக்கலாம். இந்தக் காருக்கு எப்படி ஒரிஜினல் ஆகும்?

1972 மாடலின் கதை இன்னும் பரிதாபம். எடைப் பங்கீடு சரியாக வேண்டும் என்று ஆயில் டேங்கைப் பின் சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தினார்கள். ஆயில் ஊற்ற வலது கதவுக்குப் பின்னால் வெளியே ஒரு சின்ன மூடி. பங்க்கில் அதைத் திறந்து பெட்ரோல் ஊற்றிவிட்டதாகப் புகார்கள் எழுந்தன. 1973-இல் டேங்க் பழைய இடத்துக்கே போய்விட்டது. ஒரே ஒரு வருடத்து அமைப்பு. அந்த டேங்கைச் சுற்றியுள்ள லைன்களைக் கழற்றி எறிந்தால் முன் வருடத்துக் காரிலிருந்தோ பின் வருடத்துக் காரிலிருந்தோ எடுத்து மாட்ட முடியாது. தெரிந்தும் எறிகிறார்கள். வேறு எதையோ கையால் வளைத்து ஒப்பேற்றுகிறார்கள். தொழிற்சாலை வளைவு உள்பக்கமும் வழவழப்பாக இருக்கும். கையால் வளைத்ததில் உள்பக்கம் சுருக்கம் விழுந்திருக்கும். விரலை ஓட்டினாலே தெரியும்.

ஐம்பது வருடத்து ரப்பரை நம்பி ஓட்டச் சொல்கிறீர்களா என்று கோபப்படுகிறார்கள். இல்லவே இல்லை. ரப்பர் வெடித்தால் கொதிக்கும் ஆயில் எக்ஸாஸ்ட்டில் விழுந்து தீப்பிடிக்கும். பின் டயரில் பட்டால் வளைவில் கார் கையை விட்டுப் போகும். ரப்பரை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் இரும்பு முனைகளையும் பைப்பையும் ஏன் எறிகிறீர்கள்? ஹைட்ராலிக் ஹோஸ் செய்கிறவரிடம் கொடுத்தால், பழைய காலரை வெட்டி எடுத்து, அதே முனையில் புது ஹோஸை வைத்து அழுத்திக் கொடுப்பார். நான் செய்து வாங்குகிறேன், காசும் ஒன்றும் அதிகமில்லை.

தெர்மோஸ்டாட்டில் நட்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும், வாஸ்தவம். அலுமினியத்தோடு வேறு உலோகம் சேர்ந்து உப்பும் ஈரமும் பட்டால் அரித்துக் கெட்டியாகிவிடும். அதற்காக ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினால் மரை உருவிக்கொண்டு வரும், பைப்பும் முறுகும். சூடு காட்டுங்கள், ஊறவிடுங்கள், எதிர்ப்பக்கம் இன்னொரு ஸ்பேனர் போட்டுப் பிடியுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் நட்டை மட்டும் நீளவாக்கில் கீறிப் பிளந்து எடுங்கள். நட்டு போனால் போகட்டும், பைப் தப்பிக்கும். அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்குச் சோம்பல்பட்டு ரம்பத்தை எடுப்பவனைப் பார்த்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பட்டறையில் விடும்போது வேலைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: கழற்றிய பைப், பிராக்கெட், நட்டு எல்லாம், எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், காரோடு திரும்பி வர வேண்டும். கழற்றுவதற்கு முன் அடியில் படம் எடுக்கவும் சொல்லுங்கள்.