மறைவைக் காப்பவர் மறைந்திருக்கலாமா?

இணையத்தில் அடையாளத்தை மறைக்க உதவும் டோர் வலையமைப்பில் ஒருவர் அனுப்பும் தகவல் வழக்கமாக மூன்று சர்வர்களைக் கடந்து போகிறது. முதல் சர்வருக்கு அனுப்பியவரைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசி சர்வருக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. பத்திரிகையாளர்களும் அடக்குமுறை நாடுகளில் வாழ்பவர்களும் நம்பியிருப்பது இந்தப் பிரிவினையைத்தான். ஆனால் சென்றடையும் தளத்தின் பதிவேட்டில் விழுவது ‘எக்ஸிட் ரிலே’ எனப்படும் கடைசி சர்வரின் ஐபி முகவரி மட்டுமே. எங்கோ ஒருவர் செய்த அத்துமீறலுக்கான புகார், அந்தச் சர்வரைப் பெரும்பாலும் கைக்காசு போட்டு நடத்தும் தன்னார்வலரின் தலையில் விழுகிறது. குற்றம் அவருடையதல்ல. ஆனாலும் பிறரின் அடையாளத்தைக் காக்கும் வேலையை ஏற்றவர் தன் அடையாளத்தை மறைக்காமல், வரும் புகாருக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும் என்பேன். அவருக்கும் அந்த வலையமைப்புக்கும் அதுவே பாதுகாப்பு.

புகார்களில் கணிசமானவை மென்பொருள் தானாக அனுப்புபவை. ‘இந்த ஐபியிலிருந்து, இந்த நேரத்தில், போர்ட் 22-இல் திரும்பத் திரும்ப நுழைய முயற்சி’ என்று சில வரிகள், கீழே பதிவேட்டின் நகல். சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனம் அதை அப்படியே ரிலே நடத்துபவருக்குத் தள்ளிவிடும்; பதில் வராவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும். இது டோர் எக்ஸிட், பயனரை அடையாளம் காட்டும் பதிவு என்னிடம் இல்லை, வேண்டுமானால் உங்கள் முகவரிக்கு என் சர்வரிலிருந்து எதுவும் போகாமல் தடுக்கிறேன், எல்லா எக்ஸிட்களின் பட்டியலும் பொதுவில் கிடைக்கிறது, விரும்பினால் நீங்களே தடுக்கலாம் என்று அன்றைக்கே பணிவாக எழுதினால் பல புகார்கள் அத்தோடு முடிந்துவிடும். சர்வரின் பெயரிலேயே டோர் என்று தெரிவதும், அந்த முகவரியைத் திறந்தால் விளக்கப் பக்கம் வருவதும் புகாரையே குறைக்கும்.

காவல்துறைக்கும் இதில் கடமை உண்டு. குறிப்பிட்ட தேதியில் ஓர் ஐபி முகவரி டோர் ரிலேயாக இருந்ததா என்று சொல்லும் ‘எக்ஸோனரேட்டர்’ சேவையை டோர் அமைப்பே இலவசமாக நடத்துகிறது. இருந்தும் 2017 ஏப்ரலில் மாஸ்கோவில், வீட்டிலிருந்து எக்ஸிட் ரிலே நடத்திய கணித ஆசிரியர் ஒருவர், கலவரத்தைத் தூண்டும் பதிவுகளை எழுதியதாகக் கைதானார். மூன்று மாதங்களுக்கு மேல் சிறை, பிறகு வீட்டுக்காவல். 2018-இல்தான் வழக்கு கைவிடப்பட்டது. எக்ஸிட்டை வீட்டு இணைப்பில் நடத்தாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் லெபனான் நகரில் நடந்தது வேறு. 2015-இல் அங்குள்ள கில்டன் நூலகம் வைத்த ரிலே, போலீஸ் கவலை தெரிவித்ததால் நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் நூலகக் குழு ஊரார் முன்னிலையில் விவாதித்து அதை மீண்டும் இயக்கியது. ஒளிவுமறைவின்றி நடந்த விவாதம் அந்த ரிலேயைக் காப்பாற்றியது.

குழந்தைகளை வதைப்பவர்களும் மோசடிக்காரர்களும் இதே வழியில்தானே வருகிறார்கள், ரிலேக்காரர் பதிவு வைத்தால் என்ன என்று கேட்கலாம். பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று எழும் நியாயமான கேள்வி அது. ஆனால் எக்ஸிட்டில் பதிவு வைத்தாலும் கிடைப்பது முந்தைய ரிலேயின் முகவரிதான், குற்றவாளியின் முகவரி அல்ல. அதே பதிவில், தவறு செய்யாத ஆயிரம் பேர் சென்ற தளங்களின் விவரமும் சேர்ந்துவிடும். துப்பு வேறு இடங்களில் கிடைக்கிறது. டோருக்குள் இயங்கிய ‘சில்க் ரோடு’ போதைப்பொருள் சந்தையை நடத்தியவர் 2013-இல் பிடிபட உதவிய முக்கியத் துப்பு, தொடக்க நாட்களில் அவரே ஒரு பொதுத் தளத்தில் விட்டுவைத்த சொந்த மின்னஞ்சல் முகவரி.